பள்ளியும் பெண் கல்வியும்

மாணவர் கூடிப் பயிலும் இடத்தைப் பள்ளி என்கிறோம். பழங்கல்வெட்டுகளில் இச்சொல் சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறிக்கும். துறவியரிடம் பாடம் கேட்போர் அங்கே கூடியமையால், உறைவிடத்தின் பெயர் கல்விக்கூடத்திற்கும் ஆயிற்று என்பர் அறிஞர் பலர். கல்வியின் வரலாற்றை இளையோர்க்குச் சொல்லும்போது, பண்டைக் காலத்தில் குறைவாக இருந்த கல்வி படிப்படியாக வளர்ந்து இன்று நிறைந்தது என்றே சொல்லிவிடுகிறோம். பெண் கல்வியைக் கொண்டு நோக்கினால், அவ்வளர்ச்சி அத்துணை நேரானதன்று என்பது புலப்படும்.

குரத்தியர் காலம்

வந்தவாசிக்கு அருகிலுள்ள வேடல் என்னும் ஊரின் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் துறவியையும் அவர்தம் மாணாக்கியர் 500 பேரையும் குறிப்பிடுகிறது. குரவர் என்பதன் பெண்பாலே குரத்தி. ஆசிரியை என்பது பொருள். கழுகுமலையின் 8, 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளிலும் குரத்தியர் பலர் பெயர் காண்கிறோம். அவர்கள் கற்பித்தது பெரிதும் அறநெறிக் கல்வியே எனக் கொள்ளினும், பெண்ணொருத்தி ஆசிரியராக அமர்ந்து பெண்கள் கூடிப் பயின்றனர் என்பது சிறிய செய்தியன்று.

திண்ணைப் பள்ளிக் காலம்

பின்னாளில் ஊர்தோறும் திண்ணைப் பள்ளிகள் நடந்தன. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். பின்னர் ஓலையும் எழுத்தாணியும் கொண்டனர். எண்சுவடியை உரக்கச் சொல்லி மனனம் செய்தனர். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோரைக் கவனித்துக்கொண்டான். மணலில் எழுதும் முறையைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல் என்பவர், அதனை எழும்பூரில் தம் பொறுப்பிலிருந்த அநாதைப் பிள்ளைகளின் பள்ளியில் கையாண்டார். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தார். அது பின்னர் ‘சென்னை முறை’ என இங்கிலாந்திலும் பரவியது.

முறை சிறந்ததே. ஆயினும் அத்திண்ணையில் பெண் பிள்ளைகள் அமர்ந்தனரா? சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் எடுக்கச் சொல்லி, 1826இல் தொகுத்த கணக்கு விடை கூறும். பள்ளிகள் 12,498, மாணவர் 1,88,650, அவருள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. நூற்றுக்கு இரண்டரைப் பேரும் இல்லை. வீட்டிலேயே பயின்றோர் பலர் இத்தொகையுள் அடங்கார் என்றாலும், குரத்தியர் வாழ்ந்த நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் கண்ட நிலை இது.

மீண்டும் திறந்த வழி

1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை பெண் கல்விக்கு ஆதரவு தர வேண்டும் என்றது. 1912இல் முத்துலட்சுமி அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2010இல் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எனினும் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்ற ஆண்கள் நூற்றுக்கு 86.77, பெண்கள் 73.44.

நாம் ஆசிரியப் பணியாற்றிய நாளில், பெண் பிள்ளைகள் இடையில் நின்றதற்கு அறிவுக் குறைவு காரணமாக இருந்ததில்லை. பூப்பெய்தினாள், பள்ளி தொலைவு, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, வரன் வந்துவிட்டது என்பனவே பெற்றோர் சொன்ன காரணங்கள். இவற்றுள் எதனையும் சட்டம் விதிக்கவில்லை; வீடே விதித்தது. இன்றும் மகனுக்கு வெளியூர்க் கல்லூரியும் மகளுக்கு உள்ளூரில் கிடைத்த படிப்பும் போதும் என எண்ணும் இல்லங்கள் உண்டு.

உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு சாத்திர தானத்தையும் நால்வகைத் தானங்களுள் ஒன்றாக வைத்தனர் நம் முன்னோர். அதனை முதலில் பெற வேண்டியவர் நம் வீட்டுப் பிள்ளைகளே. ஆதலின் அன்பர்கள் இவ்விடுமுறையில் பிள்ளைகளுடன் அமர்ந்து ஒரு பயிற்சி செய்க. பாட்டி, கொள்ளுப்பாட்டி எனப் பின்னோக்கிச் சென்று, குடும்பத்துப் பெண்களின் பெயர்களை எழுதுக. ஒவ்வொருவரும் எத்தனை வகுப்புப் படித்தனர், எதனால் நின்றனர் என்பதையும் எழுதுக. அப்பட்டியலின் கடைசி வரியில் வரும் மகளுக்கு, நின்ற காரணம் எழுத வேண்டிய நிலை வாராதிருக்கட்டும்.