தள்ளுவண்டி சொல்லும் வியாபாரப் பாடம்

புத்தளத்திலோ கற்பிட்டியிலோ புதிதாகச் சாப்பாட்டுக் கடை திறக்கும் நம்மவர்கள் பலர் முதலில் செய்வது பெரிய மெனு போர்ட் அடிப்பதுதான். புரியாணி, கொத்து, பிரைட் ரைஸ், நூடில்ஸ், பேர்கர் என்று முப்பது வகை இருக்கும். சில மாதங்களில் கடையை மூடும்போது "ஊரில் வியாபாரம் இல்லை" என்கிறோம். குறை ஊரிலா, நம் கணக்கிலா?

1990இல் நியூயோர்க் நகரில், 53ஆம் வீதியும் 6ஆவது அவெனியூவும் சந்திக்கும் மூலையில், எகிப்திலிருந்து குடியேறிய மூவர் தள்ளுவண்டியில் ஹொட் டோக் விற்கத் தொடங்கினர். அது அந்நகரில் எங்கும் கிடைக்கும் பண்டம். அதனால் வயிறும் நிறையாது. அதேவேளை, அங்கே டாக்ஸி ஓட்டிய முஸ்லிம்கள் பலர் ஹலாலான சூடான சாப்பாடு கிடைக்காமல் அலைந்தனர். இதைக் கவனித்த மூவரும் ஹொட் டோக்கைக் கைவிட்டார்கள். சோற்றின் மேல் கோழி அல்லது சீவிய இறைச்சி, பக்கத்தில் ரொட்டி, மேலே வெள்ளைச் சோஸ், காரம் வேண்டியவருக்குச் சிவப்புச் சோஸ் என மாறினார்கள்.

டாக்ஸிச் சாரதிகள் வாய்வழியாகச் செய்தி பரப்பினர். பின்னர் அலுவலக ஊழியர்களும் உல்லாசப் பயணிகளும் வரிசையில் நின்றனர். இன்று அந்த வரிசையில் முஸ்லிம் அல்லாதவர்களும் ஏராளம். அதுதான் 'ஹலால் கைஸ்' நிறுவனம். 2014இல்தான் கிளை உரிமையைப் பிறருக்கு வழங்க ஒப்பந்தம் செய்தார்கள். அதன்பின் அமெரிக்காவின் பல நகரங்களிலும் மணிலா, சியோல் போன்ற நகரங்களிலும் கடைகள் திறக்கப்பட்டன.

இதில் நமக்கு மூன்று பாடங்கள்.

முதலாவது, சாப்பாடு கிடைக்காமல் நிற்பவர் யார் என்று பாருங்கள். கற்பிட்டியில் மே முதல் செப்டெம்பர் வரை காற்றுப் பட்ட விளையாட்டுக்கு வெளிநாட்டவர் வருகிறார்கள். வருடக் கடைசியில் டொல்பின் பார்க்க வருவோர் விடியலிலேயே படகேறுகிறார்கள். மீனவரும் லொறிச் சாரதிகளும் வருடம் முழுவதும் இருக்கிறார்கள். இவர்களில் யாருக்கு, எந்த நேரத்தில், என்ன கிடைப்பதில்லை?

இரண்டாவது, வகையைக் குறையுங்கள். ஒரு பார்சலின் அடக்கவிலை 400 ரூபா என்று வைப்போம். தினமும் 10 பார்சல் மிஞ்சி வீணானால் நாளுக்கு 4,000 ரூபா, மாதத்துக்கு 120,000 ரூபா. பல கடைகளில் வாடகையை விட இது அதிகம். நான்கு வகையை ஒரே ருசியில், ஒரே அளவில், சுத்தமாகக் கொடுப்பவரிடம் வாடிக்கையாளர் திரும்பி வருவார்.

மூன்றாவது, அவசரப்பட்டுக் கிளை திறக்காதீர்கள். அவர்கள் கிளை உரிமை வழங்க 24 வருடங்கள் எடுத்தார்கள். நம்மில் சிலர் ஒரு சீசன் நன்றாகப் போனதும் கடன் வாங்கி இரண்டாவது கடை போடுகிறோம். காற்று நின்றதும் வெளிநாட்டவர் போய்விடுவர். தவணைப் பணம் மட்டும் மாதாமாதம் வரும். சீசனில் வரும் இலாபத்தில் ஒரு பகுதியைச் சீசனில்லாத மாதங்களுக்கு ஒதுக்கிய பிறகே விரிவாக்கம் பற்றி யோசிக்க வேண்டும்.

இந்த வாரம் ஒரு கொப்பியில் தினமும் மூன்று விடயங்களை எழுதி வையுங்கள்: எது முதலில் முடிந்தது, எது மிஞ்சியது, கேட்டு இல்லையென்று திரும்பியவர் எதைக் கேட்டார். ஏழு நாளில் உங்கள் மெனு போர்டில் அழிக்க வேண்டியவையும் புதிதாக எழுத வேண்டியதும் தெரிந்துவிடும்.