அழைத்தல் என்றால் பயம் வருமா?

கேள்வி:
ஃபாதர், எனக்கு வயது 24. டிப்ளமோ முடித்துவிட்டுத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. தங்கச்சிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவள் படிப்புக்கு வாங்கிய கடன் என் பேரில் ஓடுகிறது. போன வருடம் பனிமய மாதா திருவிழா நாள்களில் ஆராதனையில் இருந்தபோது, நான் சாமியாராகப் போக வேண்டும் என்று மனசில் பலமாகப் பட்டது. அழுதுவிட்டேன். அதற்குப் பிறகு அந்த நினைப்பு வருகிறது, போகிறது. சில வாரம் ஒன்றுமே இல்லை. சமீபத்தில் ஒரு ஜெபக் கூட்டத்தில் ஒருவர் என் தலையில் கை வைத்து, "ஆண்டவர் உன்னைக் கேட்கிறார், மறுத்தால் வீட்டுக்குக் கஷ்டம் வரும்" என்றார். அன்றிலிருந்து தூக்கமே இல்லை. யோனாவைப் போல நான் ஓடி ஒளிகிறேனா? உடனே வேலையை விட்டுவிட வேண்டுமா? இது அழைத்தல்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகர், மாப்பிள்ளையூரணி

பதில்:
அன்புத் தம்பி, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். ஆண்டவர் ஒருவரைத் தம் பணிக்குக் கேட்பதற்காக அவருடைய தாய் தகப்பனைப் பணயம் வைக்கிறவர் அல்ல. உங்களிடம் அப்படிச் சொன்னவர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனாலும் அந்தப் பயமுறுத்தலை ஆண்டவருடைய வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

யோனாவுக்கும் உங்களுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. எங்கே போக வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று யோனாவுக்குத் தெளிவாகத் தெரியும். தெரிந்தும் எதிர்த்திசையில் கப்பல் ஏறினார். நீங்களோ தெரியவில்லையே என்று தவிக்கிறீர்கள், ஆளைத் தேடிக் கேட்கிறீர்கள். உங்கள் நிலைமை சிறுவன் சாமுவேலுடையது. கூப்பிட்டது ஆண்டவர் என்று தெரியாமல் அவன் மூன்று முறை ஏலியிடம் ஓடினான். அதற்காக ஆண்டவர் அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை, திரும்பவும் கூப்பிட்டார். கூப்பிடுவது யார் என்பதை அவனுக்குப் புரியவைக்க ஒரு பெரியவர் தேவைப்பட்டார். நீங்கள் கேட்பதும் தாமதிப்பதும் கீழ்ப்படியாமை ஆகாது.

இனி, எப்படித் தெரிந்துகொள்வது என்ற கேள்விக்கு வருவோம். இதில் எனக்குத் தெரிந்த நல்ல ஆசான் புனித இஞ்ஞாசியார். 1521-இல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, லொயோலாவில் உள்ள தம் வீட்டில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். பொழுது போக வீரசாகசக் கதைப் புத்தகங்கள் கேட்டார். ஆனால் அந்த வீட்டில் இருந்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். படுக்கையில் கிடந்தபடி இரண்டு விதமாகக் கனவு கண்டார். அரசவை, போர், புகழ் என்று நினைக்கும்போது இனித்தது, நினைப்பு கலைந்ததும் மனசு வறண்டு போனது. புனிதர்களைப் போல வாழ்வதை நினைக்கும்போதும் இனித்தது, நினைத்து முடித்த பிறகும் அந்த மகிழ்ச்சி தங்கி நின்றது. இந்த வித்தியாசத்தைக் கண்டுகொண்டதில்தான் அவருடைய தெளிந்து தேர்தல் முறை பிறந்தது. ஆகவே, ஆராதனையில் எவ்வளவு அழுதீர்கள் என்பதை வைத்து அளக்காதீர்கள். கூட்டம் கலைந்து, திருவிழா முடிந்து, யார்டில் வெயிலில் நிற்கும் சாதாரண செவ்வாய்க்கிழமையில் அந்த நினைப்பு வந்தால் மனசு அமைதியாகிறதா, சோர்கிறதா என்று பாருங்கள்.

அவர் சொல்லிவைத்த இன்னும் இரண்டு புத்திமதிகள் உங்களுக்கென்றே சொன்னவை போல இருக்கின்றன. மனம் வெறுமையாகவும் கலங்கியும் இருக்கும் காலத்தில், முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்றார். மனம் பொங்கி நிற்கும் நேரத்தில் அவசரப்பட்டு வாக்குக் கொடுக்காதே என்றும் எச்சரித்தார். கண்ணீரோடு எழுதும் ராஜினாமாக் கடிதமும் வேண்டாம், தூக்கம் கெட்ட இரவில் எழுதும் கடிதமும் வேண்டாம். நல்வழியில் நடக்கிறவனிடம் நல்ல ஆவி பஞ்சில் விழும் நீர்த்துளி போல மெல்ல இறங்கும், தீய ஆவி கல்லில் விழும் துளி போலச் சலசலத்துத் தெறிக்கும் என்பதும் அவர் சொன்னதுதான். ஆராதனையில் உங்களுக்கு வந்ததையும் ஜெபக் கூட்டத்தில் வந்ததையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

அழைத்தல் தெளிவாக நாளாகும் என்பதற்கு, நம் கடற்கரைக்கு வந்த புனித சவேரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸில் 1529-இல் இஞ்ஞாசியாரோடு ஒரே அறையில் தங்க நேர்ந்தபோது, படித்துப் பெரிய பதவிக்குப் போக வேண்டும் என்பதே அவர் எண்ணம். மனம் திரும்பித் தோழர்களோடு வாக்குக் கொடுத்தது 1534 ஆகஸ்ட் 15-இல். அதன் பிறகும் இந்தியாவுக்கு என்று முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர் அல்லர். பொபதில்லா என்ற தோழர்தான் புறப்பட இருந்தார். அவர் நோயில் விழுந்ததால் 1540-இல் அந்த இடத்துக்குச் சவேரியாரை அனுப்பினார்கள். 1542-இல் அவர் முத்துக்குளித்துறையில் கால் வைத்ததற்குப் பின்னால் காட்சியோ கனவோ இல்லை. ஒரு தோழரின் காய்ச்சலும் மேலதிகாரியின் ஒரு சொல்லும் இருந்தன. அதற்குத் தயாராக ஒரு மனசும் இருந்தது.

நம் மாவட்டத்திலேயே இன்னொருவர், திருச்செந்தூர் வட்டாரத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா. சி.எஸ்.ஐ. சகோதரர்கள் பெருமையோடு நினைக்கும் பேராயர். ஒய்.எம்.சி.ஏ. செயலராக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர், 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மறைப்பணிக்கு ஆள் அனுப்புவதைக் கண்டு, நம் திருநெல்வேலித் திருச்சபை என்ன செய்கிறது என்று மனம் வருந்தினார். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது அப்படித்தான். மற்றவர்களை அனுப்பிய அவரே 1909-இல் குருப்பட்டம் பெற்று, மனைவி மக்களோடு தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போனார். 30 வயதைத் தாண்டிய பிறகு தெலுங்கு கற்றார். யாழ்ப்பாணத்தில் மனசில் விழுந்தது தோர்ணக்கல்லில் காலூன்ற ஏழு வருடம் ஆனது. அந்த ஏழு வருடத்தை யாரும் கீழ்ப்படியாமை என்று சொல்ல முடியாது.

அடுத்து உங்கள் வீட்டு நிலைமை. கடனையும் தங்கச்சியையும் அழைத்தலுக்குத் தடை என்று நினைத்துக் குமைகிறீர்கள். திருச்சபை அப்படிப் பார்க்கவில்லை. அடைக்க வழியில்லாத கடனோடு வருகிறவர்களைத் துறவற சபையின் நவதுறவகத்தில் சேர்க்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே (எண் 644) சொல்கிறது. உங்கள் பேரில் இருக்கும் கடனை ஒழுங்காக அடைப்பதும் அழைத்தலுக்குக் கீழ்ப்படிவதுதான். எவ்வளவு பாக்கி, எத்தனை மாதம், வட்டி என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் அது நாம் பயந்த அளவுக்கு இருப்பதில்லை.

கடைசியாக, இந்த முடிவு உங்கள் ஒருவர் தலையில் விழுந்ததும் அல்ல. குருவாக வேண்டுமானால் மெய்யியலும் இறையியலுமாகக் குறைந்தது ஆறு வருடப் படிப்பு உண்டு. அந்தக் காலம் முழுவதும் நீங்கள் திருச்சபையைப் பார்ப்பீர்கள், திருச்சபை உங்களைப் பார்க்கும். குருப்பட்டத் திருச்சடங்கில் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகு, இவர் தகுதியானவர்தானா என்று ஆயர் கேட்பார். மக்களிடம் விசாரித்தோம், தகுதியானவர்தான் என்று பொறுப்பாளர் சாட்சி சொல்லுவார். உங்களுக்குள் கேட்டதும் வெளியே திருச்சபை சொல்வதும் ஒன்றுசேரும்போதுதான் அழைத்தல் உறுதியாகிறது.

ஒருவேளை இது குருத்துவ அழைத்தல் இல்லை என்று தெரியவந்தால்? அதிலும் நீங்கள் எதையும் இழக்கவில்லை. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம், மனைவியோடு வாழ்ந்தவர், திருவிதாங்கூர் அரசில் உத்தியோகம் பார்த்தவர். 1752-இல் காற்றாடிமலையில் உயிரைக் கொடுத்தார். 2022 மே 15-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அவர் குருவானவர் அல்லர், துறவியும் அல்லர். குடும்பமும் வேலையும் இரண்டாந்தர அழைத்தல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இதுதான். வேலையை விடாதீர்கள். மூன்று மாதம், தினமும் படுக்கும் முன் கால் மணி நேரம் ஜெபித்துவிட்டு, மனசு எங்கே அமைதியானது, எங்கே கலங்கியது என்று இரண்டு வரி எழுதுங்கள். ஒரு நல்ல ஆன்ம வழிகாட்டியைத் தேடி மாதம் ஒரு முறை அதைக் காட்டிப் பேசுங்கள். கோடை விடுமுறையில் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் இறையழைத்தல் முகாம் நடத்துவது வழக்கம், லீவு போட்டு ஒன்றுக்குப் போய் வாருங்கள். போனால் சேர்ந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. அப்பா அம்மாவிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் உங்கள் பங்குச் சாமியாரைப் பாருங்கள். ஆராதனையில் நடந்ததைச் சொல்லும்போது, அந்த ஜெபக் கூட்டத்தில் கேட்டதையும் விடாமல் சொல்லிவிடுங்கள். அந்தப் பயத்தை இனியும் நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டாம்.