தவற்றுக்கு அஞ்சவேண்டாம்: கணினியின் விரைவு விசைகள்

பால்மரம் வெட்டும் சிம்பாங் ரெங்கம் வட்டாரத்து நம்மவர் நன்கறிவர்: உளி ஆழமாய் இறங்கி மரம் காயப்பட்டால், புதுப்பட்டை கரடுமுரடாகவே வளரும். கணினியில் நிரல் எழுதப் பயிலும் நம் பிள்ளைகளுக்கோ தவற்றைத் திருத்திக்கொள்ள எளிய வழி உண்டு. அதனை இங்கே காண்போம்.

நிரல் எழுதுவதற்கென மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்டது ‘விஷுவல் ஸ்டூடியோ கோட்’ என்னும் செயலி. விண்டோஸ் கணினியில் ‘கண்ட்ரோல்’ விசையை அழுத்தியவாறே ‘இசட்’ விசையைத் தட்டினால், கடைசியாகச் செய்த மாற்றம் நீங்கும். ‘எஸ்’ தட்டினால் எழுதியது சேமிக்கப்படும். ‘எஃப்’ தட்டினால் வேண்டிய சொல்லைத் தேடலாம். சாய்கோட்டு விசையைத் தட்டினால், அவ்வரி அழியாமலே இயங்காத குறிப்பாக மாறும். மீண்டும் தட்டினால் பழையபடி நிரலாகும். ‘ஆல்ட்’ விசையுடன் மேல்நோக்கும் அம்புக்குறியைத் தட்டினால், வரி ஓரிடம் மேலேறும்.

பெற்றோரே, உளி பிடிக்க நமக்கும் நாள்கள் பல ஆயின. பிள்ளைகளும் நாளுக்கு ஒரு விசையாகப் பழகட்டும். விரைவில் கை தானே அறிந்துகொள்ளும். தவற்றுக்கு அஞ்சாது முயலட்டும். ஆனால், சேமிக்காத மாற்றம் கோப்பில் ஏறாது என்பதை மட்டும் மறவாதிருக்கட்டும்.