பட்டனை அழுத்தியும் எக்ஸ்டென்ஷன் நிறுவப்படவில்லையா?

கேள்வி: பயர்பாக்ஸில் நோஸ்கிரிப்ட், யூபிளாக் ஆரிஜின் இரண்டும் வைத்திருக்கிறேன். இன்னொரு எக்ஸ்டென்ஷனை அதைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து நிறுவ முயன்றால், பட்டனை அழுத்தியும் ஒன்றுமே நடக்கவில்லை. அந்த இரண்டையும் நீக்கிவிடலாமா?

பதில்: நீக்க வேண்டாம். அவை உங்களைப் பாதுகாப்பவை. நீங்கள் அனுமதிக்காத தளங்களில் நோஸ்கிரிப்ட் ஜாவாஸ்கிரிப்டை ஓட விடாது. நிறுவும் பட்டன்கள் பலவும் ஜாவாஸ்கிரிப்டை நம்பித்தான் இயங்குகின்றன.

முதலில் அதே பக்கத்தை பிரைவேட் விண்டோவில் திறந்து பாருங்கள். நீங்களாக அனுமதி தந்திருந்தால் ஒழிய, எக்ஸ்டென்ஷன்கள் அங்கே இயங்குவதில்லை. அங்கு பட்டன் வேலை செய்தால், தடை பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

பிறகு வழக்கமான விண்டோவுக்கு வந்து, நோஸ்கிரிப்டில் அந்தத் தளத்துக்கு மட்டும் தற்காலிக அனுமதி கொடுத்துப் பக்கத்தை ரீலோடு செய்யுங்கள். பலிக்கவில்லையா? யூபிளாக் ஐகானைத் திறந்து, பெரிய பவர் பட்டனை அழுத்தி, அந்தத் தளத்தில் மட்டும் அதை நிறுத்துங்கள். நிறுவி முடித்ததும் இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

இதைவிட நல்ல வழி, அதே எக்ஸ்டென்ஷனை மொசில்லாவின் ஆட்-ஆன்ஸ் தளத்தில் தேடுவது. அந்தத் தளத்தில் மற்ற எக்ஸ்டென்ஷன்கள் குறுக்கிட பயர்பாக்ஸ் இயல்பாகவே இடம் தருவதில்லை.

'சரிபார்க்கப்படாதது' என்று பயர்பாக்ஸே நிறுவ மறுத்தால், காரணம் வேறு: மொசில்லாவின் டிஜிட்டல் கையொப்பம் அதில் இல்லை. அப்படிப்பட்டதைத் தயங்காமல் கைவிடுங்கள்.