முதல் வாரத்திலேயே வீட்டுப்பாடம் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

அரசு மருத்துவமனையின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் ஸ்பீச் தெரபிஸ்டாகச் சேர்ந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டதில் எனக்கு நிறைய சந்தோஷம். உன்னிடம் வரப்போகும் பிள்ளைகளில் பலருக்கு இரண்டு, மூன்று வயதுதான் இருக்கும். ஆட்டிசம் என்ற சொல்லையே அவர்களுடைய அம்மா முந்தின நாள்தான் டாக்டர் வாயால் கேட்டிருப்பார். அந்த அம்மாவைப் பற்றித்தான் உனக்கு எழுதுகிறேன்.

வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்பது ஒன்றே: "பேசிடுவானா மேடம்?" இரண்டரை வயதுப் பிள்ளையைப் பார்த்து இதற்கு யாராலும் உறுதி சொல்ல முடியாது. "கண்டிப்பா பேசுவான்" என்று வாக்குக் கொடுக்காதே. "சொல்ல முடியாது" என்று சொல்லி அத்தோடு நிறுத்திவிடவும் செய்யாதே. காது கேட்கிறதா என்று பெரா டெஸ்ட் எடுத்தார்களா என விசாரி. பிறகு, "அவனுக்கு ஏதாவது வேணும்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இரு.

அவர் யோசித்துச் சொல்வார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முறுக்கு டின் முன்னால் நிறுத்துவான். என் கையைத் தூக்கி மூடிமேல் வைப்பான். என் முகத்தைப் பார்க்கவே மாட்டான். இதைச் சொல்லும்போதே அவருக்கு அழுகை முட்டும், அதை ஒரு குறையாக நினைத்துத்தான் சொல்கிறார். அவன் உங்களிடம் கேட்கிறான், அவனுக்குத் தெரிந்த வழியில் கேட்கிறான் என்று நீ அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். வேலை தொடங்குவது அங்கேதான். கையை மூடிமேல் வைத்ததும் சட்டென்று திறந்துவிடாமல் ஒரு நொடி காத்திருக்கச் சொல். "முறுக்கு" என்று அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டுத் திறக்கச் சொல். திருப்பிச் சொன்னால்தான் தருவேன் என்ற பிடிவாதம் கூடாது. கொஞ்ச நாள் கழித்து டின்மேல் முறுக்கின் போட்டோவை ஒட்டலாம். படம் காட்டிப் பழக்கினால் பேச்சே வராமல் போய்விடும் என்று பயப்படுவார்கள். படங்கள் பேச்சைத் தடுப்பதில்லை. சில பிள்ளைகளுக்குப் பேச்சு வரவும் உதவுகின்றன.

இரண்டாவது கேள்வியை வாய்விட்டுக் கேட்கமாட்டார். "நான் என்ன தப்பு பண்ணேன்?" இதன் வரலாறு உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1943இல் லியோ கானர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் இன்றைய பொருளில் அறியப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில், அன்பில்லாத தாய்தான் இதற்குக் காரணம் என்ற பேச்சு அமெரிக்க மருத்துவ உலகில் வேரூன்றியது. புருனோ பெட்டல்ஹைம் 1967இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட், இது மூளையின் வளர்ச்சி சார்ந்தது என்று வாதிட்டு ஒரு நூல் வெளியிட்டிருந்தார். அறிவியல் ரிம்லண்ட் பக்கம்தான் வந்து நின்றது. ஆனால் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பழக்கம் போகவில்லை. இன்று நம் ஊரில் அது, "போனைக் கையில குடுத்தீங்கல்ல, அதான்" என்று வருகிறது. போனைக் குறைக்கச் சொல். பிள்ளையோடு முகம் பார்த்து விளையாடும் நேரம் அதனால் கூடும். ஆனால் ஆட்டிசம் வந்ததே போனால்தான் என்று உன் வாயிலிருந்து ஒருநாளும் வரக்கூடாது.

அடுத்தது மொழி. எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. யூடியூப் பார்த்து ஒன் டூ த்ரீ சொல்கிறான், கலர்களை எல்லாம் ஆங்கிலத்தில் சொல்கிறான், ஆகவே ஆங்கிலத்திலேயே பேசுங்கள் என்று சில இடங்களில் ஆலோசனை கொடுத்து அனுப்புகிறார்கள். வீடு அன்றே மாறிவிடும். ஆங்கிலம் சரளமாக வராத அம்மா "கம், சிட், ஈட்" என்று மூன்று சொற்களுக்குள் அடங்கிப்போவார். தாத்தா பாட்டி பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். குளிப்பாட்டும்போது பாடிய பாட்டு, சோறூட்டும்போது சொன்ன கதை எல்லாம் போய்விடும். பேச்சு வேண்டிய பிள்ளையைச் சுற்றிப் பேச்சே வற்றிவிடுகிறது. இரண்டு மொழி கேட்டு வளர்வது ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவன் ஆங்கிலத்தில் எண்ணினால் எண்ணட்டும். அம்மா தமிழில் பேசட்டும், கொஞ்சட்டும், திட்டவும் செய்யட்டும்.

இதனால்தான் முதல் வாரத்திலேயே நோட்டு நிறைய வீட்டுப்பாடம் எழுதிக் கொடுக்காதே என்கிறேன். அதை வாங்கிப் போகும் அம்மா பிள்ளையைப் பரீட்சை வைக்கிற கண்ணோடு பார்க்கத் தொடங்குவார். வாசலில் செருப்பை வரிசையாக அடுக்குகிறானா? தடுத்து இழுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு செருப்பை எடுத்து அவன் கையில் கொடுக்கச் சொல். அவன் வாங்கி வைத்தால் அடுத்ததைக் கொடுக்கட்டும். சேர்ந்து விளையாடுவது அவனுக்கு அப்படித்தான் தொடங்கும். தெரபிஸ்ட் நீ இருக்கிறாய், வீட்டில் இன்னொரு தெரபிஸ்ட் தேவையில்லை.

அந்த அம்மாவின் மாமியாரும் வருவார். "இவங்கப்பாவே நாலு வயசுலதான் பேசினான்" என்பார், வசம்பு தடவலாமா என்பார். எடுத்தெறிந்து பேசாதே. வசம்பு வேண்டாம் என்று தன்மையாகச் சொல்லிவிட்டு, பேரனோடு விளையாட அவருக்கும் ஒரு வேலை கொடு. உன் கடுமையை எல்லாம் ஸ்டெம் செல் விளம்பரங்களுக்கு வைத்துக்கொள். நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுக்கத் தயாராக இருக்கும் குடும்பங்கள்தான் அந்த விளம்பரங்களின் இலக்கு. ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இல் சொல்லிவிட்டது. குடும்பத்தார் கேட்கும்வரை காத்திராமல் நீயே முந்திக்கொண்டு சொல்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் என்றதும் அப்பாக்கள் பின்வாங்குவார்கள், பையன்மேல் முத்திரை குத்தியதாகிவிடும் என்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. யுடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைச் செலவும் அவர்களுக்கு உரிமையாக வர வேண்டியவை. முதல் நாளே இதைப் பேச வேண்டாம். மூன்றாவது, நான்காவது முறை வரும்போது அப்பாவையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல். படிவத்தை நிரப்பத் தெரியாவிட்டால் கூட இருந்து நிரப்பிக் கொடு. உன் வேலைப் பட்டியலில் அது இருக்காது. இருந்தாலும் செய்.

அன்புடன்,
உன் அக்கா