கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை என்றால் கணக்கும் போச்சா?



1989-ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கிய காலத்தில் சேமிப்பும் கடனும் நோட்டில்தான் இருந்தன. இன்று நம்மில் பல குழுக்களின் கணக்கு கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. நல்லதுதான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரே ஒரு நாள் எழுந்திருக்க மறுத்தால்? எங்களுக்கு நடந்ததைச் சொல்லி, நாம் எல்லோரும் கற்க வேண்டியதை இந்த மாதப் பாடமாகத் தருகிறோம்.

வடபழனியில் உள்ள எங்கள் அலுவலகத்தில் ஒரு திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டோம். கறுப்புத் திரையில் நாலு வரி வெள்ளை எழுத்து வந்தது, அதோடு நின்றுவிட்டது. அந்த வாரம்தான் வங்கிக்குக் கடன் விண்ணப்பம் கொடுக்கணும். சிபியுவைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனோம். கடைத் தம்பி பார்த்துவிட்டு, "பார்மேட் அடிச்சு விண்டோஸ் போட்டா சரியாயிடும் மேடம், சாயந்திரம் வாங்கிக்கலாம்" என்றார். நாங்களும் தலையாட்டப் போனோம். கூட வந்த கணக்காளர் அக்காதான், "தம்பி, உள்ளே இருக்கிற கணக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார். "அதெல்லாம் போயிடும்" என்று பதில் வந்தது. அக்கா பேசாமல் சிபியுவை ஆட்டோவில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்.

அந்த ஒரு கேள்விதான் நம் கணக்கைக் காப்பாற்றியது.

பூட்டுதான் கெட்டது, பீரோ அல்ல

கம்ப்யூட்டருக்குள் ஹார்ட் டிஸ்க் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதுதான் பீரோ. விண்டோஸ் என்பது பீரோவைத் திறந்து கொடுக்கும் பூட்டு சாவி மாதிரி. பல சமயம் கெட்டுப்போவது விண்டோஸ் மட்டும்தான். உள்ளே நம் கணக்கு அப்படியே இருக்கும். பார்மேட் அடிப்பது, பூட்டு கெட்டதற்காகப் பீரோவைக் காலி செய்வது போல. அதன்மேல் புது விண்டோஸும் ஏற்றிவிட்டால், பழையதை மீட்பது மிகவும் கஷ்டம்.

என்ன செய்யணும்?

1. முதலில் எளிய காரணங்களைப் பாருங்கள். வயர் சரியாகச் செருகியிருக்கிறதா? பழைய பென் டிரைவ் ஏதாவது மாட்டியே இருக்கிறதா? அதை எடுத்துவிட்டுப் போட்டாலே சில சமயம் ஓடும்.

2. உள்ளிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். அப்போது கெட்டது பீரோவேதான். திரும்பத் திரும்பப் போட்டால் சேதம் கூடும். தண்ணீரில் நனைந்திருந்தால் கரண்டே கொடுக்கக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் பார்த்தோம். இந்த இரண்டுக்கும் டேட்டா மீட்பு வேலை தெரிந்தவரிடம்தான் போகணும்.

3. சத்தம் எதுவும் இல்லையா? லினக்ஸ் பென் டிரைவ் உதவும். உபுண்டு போன்ற லினக்ஸ் இலவசம். நன்றாக ஓடும் வேறொரு கம்ப்யூட்டரில் அதை இறக்கி, ஒரு காலி பென் டிரைவில் ஏற்றணும் (அதில் முன்பு இருந்தவை அழிந்துவிடும்). அதை மாட்டி, கம்ப்யூட்டரைப் போட்டவுடன் எஃப் 12 அல்லது எஸ்கேப் பட்டனை அழுத்தினால் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்கும் (கம்பெனிக்குக் கம்பெனி பட்டன் மாறும்). பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். பிறகு 'ட்ரை' என்பதைத்தான் தொடணும், 'இன்ஸ்டால்' வேண்டாம். நம் கோப்புகள் கண்ணில் படும். இன்னொரு பென் டிரைவில் காப்பி எடுத்துக்கொள்ளலாம்.

4. அப்படியும் வரவில்லையா? ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கேஸில் போட்டு, வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 'பார்மேட் செய்யவா?' என்று திரையில் கேட்டால் 'கேன்சல்' கொடுங்கள்.

5. புது லேப்டாப்களில் பிட்லாக்கர் என்ற பூட்டு இருக்கலாம். அதற்கு 48 இலக்க மீட்பு எண் தேவை. மைக்ரோசாப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கலாம். இப்போதே பார்த்து, நோட்டில் எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

எங்களுக்கு இந்த மூன்றாவது வழிதான் கைகொடுத்தது. செய்தவர் ஒரு உறுப்பினரின் மகள், பாலிடெக்னிக் படித்தவர். அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் கொடுத்த பல லேப்டாப்களில், விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. "ஸ்கூல் லேப்டாப்ல பார்த்துப் பழகினதுதான் அக்கா" என்று சிரித்தார். இரண்டு மணி நேரத்தில் எல்லாக் கணக்கும் வந்தது.

அதில் ஒரு அக்காவின் கடைசி மூன்று மாதத் தவணையும் இருந்தது. அது நோட்டில் ஏறவே இல்லை. கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. அது போயிருந்தால், களை எடுத்துக் கட்டிய பணத்துக்கு அவர் யாரைச் சாட்சிக்கு அழைப்பார்? தவறு எங்களுடையது. இப்போது வசூல் நாளன்றே நோட்டிலும் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம்.

கடையில் சொல்ல வேண்டியவை

"முதல்ல காப்பி எடுங்க, அப்புறம் ரிப்பேர்." "என்னைக் கேட்காம பார்மேட் பண்ணாதீங்க." "ஹார்ட் டிஸ்க் மாத்தினா பழசை எங்க கையில கொடுங்க." அதில் நம் ஆதார், பாஸ்புக் நகல்கள் இருக்கின்றன. முடிந்தால் வேலை முடியும்வரை பக்கத்திலேயே உட்காருங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். பொருள் நம்முடையது.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

- நம் கணக்குக்கு எத்தனை காப்பி இருக்கிறது? கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, நோட்டில் ஒன்று இருக்கணும்.
- பென் டிரைவ் யார் வீட்டில்? கம்ப்யூட்டர் இருக்கும் அதே அறையில் வைத்தால் வெள்ளம் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.
- அந்தக் காப்பியைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது? மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது யார் பொறுப்பு?

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.