கைப்பம்பும் கடல் கடந்த தொண்டும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

நீரைப் பற்றிக் கட்டுரை எழுதுவோர் வள்ளுவரின் வான்சிறப்பில் தொடங்குவது மரபு. நான் சற்றுக் கீழே இறங்கி, மண்ணுக்கடியில் இருநூறு அடி ஆழத்தில் தொடங்க விரும்புகிறேன். சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்த நமக்கு நீர் என்பது மேகத்தில் இருப்பதைவிடப் பாறையிடுக்கில் இருப்பதே அதிகம்.

நம் பகுதியின் அடித்தளம் சார்னோகைட், நைஸ் முதலிய கடும்பாறைகளால் ஆனது. ஆற்றுமணலைப் போல் இப்பாறை நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. மேலே உக்கிப் பொடிந்த அடுக்கிலும், அதன் கீழே உள்ள வெடிப்புகளிலுமே நீர் தங்கும். பாட்டனார் காலத்தில் வெடிவைத்துத் தோண்டிய கிணறுகள் நாற்பது, ஐம்பது அடியோடு நின்றதற்குக் காரணம் சோம்பல் அன்று, பாறைதான். மழை பொய்த்த ஆண்டில் அக்கிணறுகள் வறண்டன. நீர் இருந்த ஆண்டிலும் மேல்மண்ணின் அழுக்கெல்லாம் அவற்றில் கலந்தது. ஊர்க் கிணற்றில் யார் நீர் இறைக்கலாம், யார் இறைக்கக்கூடாது என்ற கொடுமையும் சேர்ந்திருந்ததை நாம் மறக்கலாகாது.

இத்தகைய பாறையைத் துளைத்துச் சிற்றூருக்குக் குடிநீர் தரலாம் என்பதை நம் நாட்டில் முதலில் செய்து காட்டியவர்களுள் வெளிநாட்டுத் திருச்சபைத் தொண்டர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மருத்துவத் தொண்டு அதற்கு முன்பே வந்துவிட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணியை நாம் அனைவரும் அறிவோம். 1918-இல் அவர் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியையும் திறந்தார். ஆனால் மருந்து வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர் அதே குட்டை நீரைக் குடித்தால் அடுத்த மாதம் மீண்டும் மருத்துவமனை வாசலில்தான் நிற்பார். மருத்துவத்திற்கு அடுத்த படி தண்ணீர் என்பது யாருக்கும் விளங்கக்கூடியதே.

1960-களில் மராட்டிய மாநிலத்தின் ஜால்னாவில் ஸ்காட்லாந்து திருச்சபையினரும், சோலாப்பூரில் ஸ்வீடன் திருச்சபையினரும் காற்றழுத்த ரிக் எந்திரங்களைக் கொண்டு ஊர்களில் ஆழ்துளைக் கிணறு போட்டனர். அங்குள்ள பாறை எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட். நம் பாறையிலிருந்து பிறப்பால் வேறுபட்டாலும் கடினத்தில் அண்ணன் தம்பிதான். கம்ப்ரசர் அனுப்பும் காற்று, துளையின் அடியிலேயே உள்ள சுத்தியலை இயக்கிப் பாறையை நொறுக்கும். நொறுங்கிய பொடியை அதே காற்று மேலே ஊதித் தள்ளும். மாதக் கணக்கில் உளியும் வெடியும் கேட்ட வேலை ஓரிரு நாளில் முடிந்தது. 1967-இல் பீகார் வறட்சியின்போது யூனிசெப் நிறுவனமும் இவ்வகை ரிக்குகளைக் கொண்டுவந்தது. பிறகு அரசே மாநிலந்தோறும் துளையிடத் தொடங்கியது.

இதுவரை சொன்னது வெற்றிக் கதை. தோல்விக் கதைதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

துளையின் மேல் பொருத்தப்பட்ட வார்ப்பிரும்புப் பம்புகள் அமெரிக்க, ஐரோப்பியப் பண்ணை வீட்டுப் பம்புகளைப் பார்த்துச் செய்தவை. ஒரு குடும்பம் நாளில் சில முறை அடிக்கவேண்டிய பம்பை, ஓர் ஊரே விடியற்காலை நான்கு மணி முதல் இரவு வரை அடித்தால் என்ன ஆகும்? இணைப்புகள் தேய்ந்தன, கைப்பிடி முறிந்தது, அடித்தளம் ஆடி அழுக்குநீர் துளைக்குள்ளேயே இறங்கியது. 1970-களின் நடுவில் யூனிசெப் எடுத்த கணக்கில் நான்கில் மூன்று பம்புகள் ஓடாமல் கிடந்தன. அக்கணக்கு எடுக்கப்பட்ட மாநிலங்களுள் நம் தமிழகமும் ஒன்று. அத்தனை ரிக், அத்தனை டீசல், அத்தனை நன்கொடை! எல்லாம் தேய்ந்துபோன ஒரு மூட்டில் வந்து நின்றுவிட்டன.

இங்கேதான் அத்தொண்டர்களிடம் நான் மிகவும் மதிக்கும் குணம் தெரிகின்றது. துளை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு அவர்கள் கப்பல் ஏறிவிடவில்லை. பழுதான பம்பைக் கழற்றிப் பார்த்தனர். தொண்டர்களும் அவர்களோடு உழைத்த நம் நாட்டு மெக்கானிக்குகளும் சேர்ந்து உருவாக்கியதே சோலாப்பூர் பம்பு. அதில் வார்ப்பிரும்புக்குப் பதில் எஃகு வந்தது. பல மூட்டுகளுக்குப் பதில் கைப்பிடி ஒரே அச்சில் பேரிங்குடன் ஆடியது. கைப்பிடியின் முனையில் வில்போல் வளைந்த ஒரு பாகம், அதன்மேல் ஒரு செயின். வளைவின்மேல் படிந்து ஏறி இறங்குவதால் செயின் எந்நேரமும் கம்பியை நேர்கீழாகவே பிடித்திருக்கும். ஆகவே கம்பி பக்கவாட்டில் உரசித் தேய்வதில்லை. ஏற்றம் இறைத்த தாத்தா எவரேனும் வீட்டில் இருந்தால், கைப்பிடியின் கனம் கீழே தொங்கும் கம்பியின் கனத்தைச் சமன் செய்யும் விதத்தை அவரிடம் கேளுங்கள். இயற்பியல் துறை நண்பர்களைவிட எளிதாகச் சொல்லிவிடுவார்.

இச்சோலாப்பூர் பம்பை அடிப்படையாகக் கொண்டு யூனிசெப், உலக சுகாதார நிறுவனம், அரசு ஆய்வு அமைப்புகள் ஆகியவை சேர்ந்து ஒரு புதிய வடிவம் கண்டன. அதைச் செய்தது சென்னையிலிருந்த ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம். 1976-இல் அதைச் சோதித்த இடம் நம் கோவைக்கு அருகில். 'இந்தியா மார்க் 2' என்ற பெயருடன் 1970-களின் இறுதியில் பெருமளவில் உற்பத்தியாகி, 1979-இல் இந்தியத் தர முத்திரைக்கான வரையறையும் பெற்றது. நிமிடத்திற்கு 40 முறை அடித்தால் ஏறத்தாழ 15 லிட்டர் தரும். நம் ஊர்த் தெருமுனையில் நாம் தொங்கி விளையாடிய கைப்பம்பு இதுவேதான்.

இவ்வடிவத்தை எவரும் தனிச் சொத்தாக்கிக்கொள்ளவில்லை. எந்தப் பட்டறையும் செய்யலாம், வரையறைக்கு உட்பட்டால் போதும். 1990-களின் நடுப்பகுதிக்குள் உலகெங்கும் ஏறத்தாழ 50 லட்சம் பம்புகள் நிறுவப்பட்டதாகக் கணக்கிடுவர். ஆப்பிரிக்காவின் உகாண்டா நாடு இதைச் சிறிது மாற்றி 'யு 2' என்ற பெயரில் தன் நாட்டுத் தரமாகவே ஏற்றது. ஸ்காட்லாந்திலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் மராட்டியத்திற்கு வந்த தொண்டு, கோவையில் தேறி, ஆப்பிரிக்காவிற்குப் போய்ச் சேர்ந்தது.

திருச்செங்கோட்டைப் பற்றி நான் சொல்லாமல் போனால் என் ஊரார் என்னை விடமாட்டார்கள். அர்த்தநாரீசுவரர் மலைக்கும் நெசவுக்கும் பெயர்பெற்ற அவ்வூர் இன்று ரிக் வண்டிக்கே தலைநகரம். நாட்டின் எந்த மாநில நெடுஞ்சாலையில் ரிக் வண்டியைக் கண்டாலும் அதன் மேல் தமிழில் பெயர் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். ஆப்பிரிக்க நாடுகளுக்கும் நம் வண்டிகளும் ஆட்களும் போகின்றனர். என் தாய்மாமன் சத்தீசுகரில் பதினோரு ஆண்டுகள் ரிக்கில் இருந்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். என் முதலாண்டுக் கட்டணம் அந்தப் பாறைப்பொடியில் சம்பாதித்தது. 'தொண்டா மாமா, தொழிலா?' என்று ஒருமுறை கேட்டேன். 'தண்ணி வந்தா ஊரே கும்பிடும், வரலைன்னா கூலி பேசறதுக்குள்ள ராத்திரியோட ராத்திரியா வண்டிய எடுக்கோணும், இதுல தொண்டு எங்கடா இருக்குது?' என்றார். நான் அவரோடு முழுவதும் உடன்படவில்லை. கூலிக்குச் செய்தாலும் நீர் நீர்தான். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ரிக் வண்டி துளை போட்ட மறுநாள் அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும். துளைக்குப் பின் என்ன என்று நின்று பார்க்க அதற்கு நேரம் இல்லை.

மதம் பரப்ப வந்தவர்கள்தாமே என்று வகுப்பில் ஒரு நண்பர் கேட்டார். அந்த நோக்கம் அவர்களுக்கு இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் செயினுக்கும் பேரிங்குக்கும் எந்த மதமும் இல்லை என்பதே என் விடை.

நின்று பார்ப்பதற்குத் தமிழகம் ஒரு வழியும் கண்டது. 1970-களில் இங்கே உருவான மூன்றடுக்குப் பராமரிப்பு முறையில், ஊரில் ஒரு காப்பாளர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் வண்டியுடன் ஒரு குழு என்று பொறுப்பு பிரிக்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அடியிலுள்ள தோல் வாசர் தேய்ந்தால் குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். அதற்கு ஆளும் முக்காலியும் வேண்டும். அக்குறையைத் தீர்க்கக் கோவைப் பகுதியில் 1980-களில் சோதித்து உருவாக்கியது மார்க் 3. அதில் குழாயைத் தூக்காமலே வாசரை வெளியே எடுக்கலாம்.

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமிற்காக நாங்கள் ஏழு நாள் ஒரு சிற்றூரில் தங்கினோம். சாலை ஓரம் முள் வெட்டியதை இங்கே விவரிக்கப்போவதில்லை, அது எல்லா முகாமிலும் உள்ளது. அவ்வூரில் ஐந்து கைப்பம்புகள் இருந்தன, மூன்று ஓடின. ஊர்த்தெருவில் கெட்டது ஒன்று, காலனியில் கெட்டது ஒன்று. ஊர்த்தெருப் பம்பு கெட்டு ஒரு மாதம், காலனிப் பம்பு கெட்டு இரண்டு ஆண்டு. இக்கணக்கிற்கு விளக்கம் தேவையில்லை. எங்களுள் இருவர் பட்டறை வேலை அறிந்தவர்கள். செயினும் நட்டும் வாங்கிவந்து காலனிப் பம்பை முதலில் சரிசெய்தோம்.

நீர் கொட்டியதும் அனைவரும் கைதட்டினர். அப்பொழுது ஓர் அம்மா தன் மகனை முன்னே தள்ளி, 'இவனுக்குப் பல்லு பூரா இப்படிக் கறையா இருக்குதுங்களே, பல்பொடி மாத்தோணுங்களா தம்பி?' என்று கேட்டார். அதே பழுப்புக் கோடுகள் என் தங்கையின் பற்களிலும் உண்டு. அவள் சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வாள். அது பல்பொடியின் குற்றம் அன்று, ஃப்ளூரைடு. 1937-இலேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்நோயை மருத்துவர்கள் கண்டு எழுதியுள்ளனர்.

நம் பாறையிலுள்ள அபடைட், பயோடைட் முதலிய கனிமங்களிலிருந்து ஃப்ளூரைடு நீரில் கரைகின்றது. கால்சியம் இருந்தால் கால்சியம் ஃப்ளூரைடாகப் படிந்து ஓரளவு அடங்கும். ஆனால் பைகார்பனேட் மிகுந்த காரநீரில் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்துவிடுவதால் ஃப்ளூரைடைத் தடுத்து நிறுத்த ஆள் இல்லை. நாம் மனப்பாடம் செய்யும் கரைதிறன் பெருக்கம் ஒரு குழந்தையின் பல்லில் எழுதப்பட்டிருப்பதை அன்று கண்டேன். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருப்பது நலம். வேறு நீர் இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர வரையறை. அதற்கு மேல் போனால் முதலில் பல், ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்பு. கொதிக்க வைத்தால் போகாது, நீர் ஆவியாகச் செறிவு கூடவே செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவைக்கும் நல்கொண்டா முறையால் குறைக்கலாம். அண்டை மாவட்டங்களான தருமபுரிக்கும் கிருட்டினகிரிக்கும் இந்நோயின் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது.

ஐந்து பம்புகளின் நீரையும் கல்லூரிக்குக் கொண்டுவந்து பேராசிரியரின் மேற்பார்வையில் சிர்க்கோனியம்-அலிசரின் முறையில் பார்த்தோம். இரண்டு அளவைத் தாண்டின. நாங்கள் சரிசெய்து கைதட்டு வாங்கிய காலனிப் பம்பு அவ்விரண்டில் ஒன்று.

முடிவைத் தமிழில் எழுதிக் கிராம சபையில் படித்தோம். ஊராட்சியின் ஒப்புதலுடன் அவ்விரு பம்புகளுக்கும் சிவப்பு வண்ணம் அடித்து, 'துவைக்க, மாட்டுக்கு மட்டும்' என்று எழுதினோம். 'அப்ப குடிக்கறதுக்கு?' என்றனர் காலனிப் பெண்கள். காவிரிக் குழாய் நீர் ஊர்த்தெரு வரை வருகின்றது. காலனிக்கு நீட்டக் கோரி அவர்களே எழுதிய மனுவில் நாற்பத்திரண்டு கையெழுத்துகள் உள்ளன. அதன் நகல் எங்களிடம் இருக்கிறது.

மழைக்கு முன்பும் பின்பும் ஃப்ளூரைடின் அளவு மாறக்கூடும் என்பதால் வரும் மே மாதமும் தீபாவளிக்குப் பின்னும் மீண்டும் போகிறோம். மாதிரி எடுக்க அரை லிட்டர் பிளாஸ்டிக் குப்பிகள் வேண்டும். ஃப்ளூரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடியதாகையால் கண்ணாடிக் குப்பி ஆகாது. உடன்வர விரும்பும் நண்பர்கள், எத்துறையினராயினும், வேதியியல் ஆய்வகத்தில் பெயர் கொடுக்கலாம். தங்கள் ஊர்ப் பம்பு நீரைக் கொண்டுவருவோர் பம்பு இருக்கும் தெருவையும் துளையின் ஆழத்தையும் குப்பியின் மேல் எழுதி ஒட்டுக.